போனை எதற்கு எடுத்தேன் என்று எழுதிவைத்தேன்

சித்தப்பாவோடு நான்கு மாதம் பேசாமல் இருந்தேன். காரணம், 40 வினாடி ஓடும் ஒரு வீடியோ.

ஒரு கூட்டத்தைப் போலீஸ்காரர்கள் அடித்து விரட்டுகிறார்கள். ஒரு பெரியவர் கீழே விழுகிறார். அவருடைய செருப்பு தனியே கிடக்கிறது. “நேற்று நடந்தது, எந்தச் செய்தியிலும் வராது” என்று மேலே எழுதியிருந்தது. எனக்குப் பிடிக்காத கட்சி ஆட்சியில் இருந்த நேரம் அது. பார்த்த மாத்திரத்தில் உடம்பு சூடாகிவிட்டது. குடும்பக் குழுவில் போட்டு, கீழே இரண்டு வரி சேர்த்தேன். அந்த இரண்டு வரியும் சித்தப்பாவைக் குத்துவதற்காகவே எழுதியவை. அவர் அந்தக் கட்சிக்காரர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“படிச்சவன் நீ, விசாரிக்காம போடலாமாடா?” என்று கேட்டார்.

“கண்ணை மூடிக்கிட்டு ஆதரிக்கிறவங்களுக்கு எதைக் காட்டினாலும் பொய்தான் சித்தப்பா” என்று எழுதினேன்.

சித்தி நடுவில் வந்து, கைகூப்பிய படம் ஒன்றை அனுப்பினார். அதற்குள் இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது. இரவு பதினொன்றரைக்குச் சித்தப்பா குழுவை விட்டு வெளியேறினார்.

மூன்று நாள் கழித்து, மனது கேட்காமல் அந்த வீடியோவை ஓர் இடத்தில் நிறுத்தித் திரையைப் படமெடுத்தேன். படத்தை வைத்துத் தேடும் வசதியில் போட்டுப் பார்த்தேன். ஆறு வருடம் பழைய வீடியோ. வேறு நாடு. ஓரத்தில் ஒரு கடைப் பலகை தெரிகிறது, அதில் உள்ள எழுத்து எனக்குப் படிக்கவே வராத எழுத்து. முதல் தடவை பார்த்தபோதும் அந்தப் பலகை அங்கேதான் இருந்திருக்கிறது. தேடிக் கண்டுபிடிக்க ஆன நேரம் இரண்டு நிமிடம்.

“நான் போட்டது தவறான வீடியோ, மன்னிக்கவும்” என்று குழுவில் எழுதினேன். முதல் செய்திக்கு 31 பதில் வந்திருந்தது. இதற்கு மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். என்னிடமிருந்து அதை எடுத்து வேறு குழுக்களுக்குக் கொண்டுபோனவர்கள் எத்தனை பேரோ தெரியாது. என் மன்னிப்பு அவர்கள் யாரையும் தேடிப் போகவில்லை.

பிறகுதான் தெரிந்துகொண்டேன், இது என் குழுவில் மட்டும் நடப்பதில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, 2018-ல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம். தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டாலும் முடிவு பெரிதாக மாறவில்லை. அதாவது பரப்பியது மனிதர்கள்தான், என்னைப் போன்றவர்கள்.

அந்த வாரம்தான் நோட்டுப் போட்டேன். நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன், ஒன்று புரியவில்லை என்றால் முதலில் அதைக் கட்டம் போட்டு எழுதிப் பார்ப்பது வழக்கம். நான்கு கட்டங்கள்: எத்தனை மணி, போனை எதற்காக எடுத்தேன், என்ன செய்தேன், வைக்கும்போது மனது எப்படி இருந்தது. பதினான்கு நாள் விடாமல் எழுதினேன். போனிலேயே திரை நேரத்தைக் காட்டும் வசதி இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. அது மணியைச் சொல்லும், எதற்காக எடுத்தேன் என்பது அதற்குத் தெரியாது.

ஒரு நாளைக்குச் சராசரியாக 71 தடவை எடுத்திருக்கிறேன். அந்த எண் என்னை அவ்வளவாக உலுக்கவில்லை. இரண்டாவது கட்டத்துக்கும் மூன்றாவது கட்டத்துக்கும் நடுவில் இருந்த தூரம்தான் உலுக்கியது. “வங்கியின் ஓடிபி பார்க்க” என்று எழுதிய வரிக்கு எதிரே, “38 நிமிடம், ஒரு அமைச்சர் பேசியது, அதற்கு வந்த பதில்கள்” என்று இருக்கிறது. “மழை வருமா பார்க்க” என்பதற்கு எதிரே, “முன்பின் தெரியாத ஒருவரோடு வாக்குவாதம்”. மழை வருமா என்று கடைசிவரை பார்க்கவே இல்லை. நான்காவது கட்டத்தில் அதிகம் வந்த சொல் ‘எரிச்சல்’.

பத்தாம் நாளில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: ‘இதில் நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?’ மீதி நாட்களில் என்னைக் கோபப்படுத்திய அரசியல் பதிவுகள் 46. அதில் ‘உண்டு’ என்று எழுத முடிந்தது இரண்டே இரண்டில். மற்றதெல்லாம் நான் போக முடியாத ஊரில், எனக்கு வாக்கில்லாத இடத்தில், நான் சந்திக்கப்போகாத ஒருவர் சொன்ன ஏதோ ஒரு வாக்கியம்.

இந்த 46-ஐயும் நான் தேடிப் போகவில்லை, அவைதான் என்னிடம் வந்தன. எப்படி வருகின்றன என்று படிக்க ஆரம்பித்தேன். திரைக்கு அடிப்பகுதியே இல்லாமல் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் அமைப்பை 2006-ல் வடிவமைத்தவர் அசா ரஸ்கின். பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்திருக்கிறார். பக்கம் முடிகிற இடத்தில்தான் ‘போதும்’ என்ற நினைப்பு வரும், அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். 2009-ல் ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது. அதே வருடம் ட்விட்டரில் மறுபகிர்வுப் பொத்தான் வந்தது. அதற்கு முன் ஒருவர் எழுதியதைப் பகிர வேண்டுமென்றால் நகலெடுத்து ஒட்ட வேண்டும், அந்தச் சில வினாடியில் ஒரு தடவையாவது யோசிப்போம். 2016-ல் ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் கால வரிசையை விட்டுவிட்டுத் தாங்களே தீர்மானித்த வரிசைக்குப் போயின.

எல்லாவற்றையும்விட எனக்குச் சுருக்கென்று பட்டது கோபப் பொம்மையின் கதை. 2016-ல் லைக்கோடு சேர்த்துச் சிரிப்பு, அழுகை, கோபம் போன்ற முகங்களை ஃபேஸ்புக் கொண்டுவந்தது. மறு வருடம், எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று கணிக்கும்போது இந்த முகங்கள் ஒவ்வொன்றுக்கும் லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தார்கள். 2021-ல் பிரான்சஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் வெளியே கொண்டுவந்த உள் ஆவணங்களில் இருந்து இது தெரிந்தது. 2020-ல்தான் கோபத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். நடுவில் போன மூன்று வருடங்களில், நான் ஒரு பதிவைப் பார்த்துக் கொதித்து அந்தச் சிவப்பு முகத்தை அழுத்திய ஒவ்வொரு தடவையும், அதை இன்னும் நாலு பேர் கண்ணில் படும்படி நானே தூக்கிவிட்டிருக்கிறேன். எதிர்ப்பைக் காட்டினேன் என்றுதான் நினைத்திருந்தேன். எண்ணுகிறவர்களுக்கு அது ஒரு ஓட்டு, அவ்வளவுதான்.

சரி, அப்புறம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். சிலது பலித்தது, சிலது பலிக்கவில்லை.

எல்லாக் கணக்கையும் மூடிவிட்டு ஓடலாம் என்று முதலில் தோன்றியது. அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. 2018-ல் அமெரிக்க இடைத்தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரங்கள், பணம் கொடுத்துச் சிலரை ஃபேஸ்புக்கை விட்டு விலகி இருக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிஞ்சியது. மனநிறைவு சற்றுக் கூடியது. அரசியலில் இரண்டு துருவமாகப் பிரிந்து நிற்கும் போக்கு குறைந்தது. கூடவே, நாட்டு நடப்பைப் பற்றிய அறிவும் குறைந்தது. இந்தக் கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. எனக்கு அரசியல் வேண்டும், வேறு யாரோ அடுக்கிக் கொடுத்த அரசியல் வேண்டாம்.

அதனால் செயலிகளைப் போனிலிருந்து நீக்கினேன், கணக்குகளை வைத்துக்கொண்டேன். பார்க்க வேண்டுமென்றால் கணினியில், உலாவியில், ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேலை முடிந்ததும் வெளியேறிவிடுவேன். இந்தச் சின்னத் தொந்தரவுக்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கடவுச்சொல்லைத் தட்டும் பத்து வினாடிக்குள், பாதி நேரம், எதற்கு வந்தேன் என்று கேட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறேன்.

உள்ளே போனால், ‘பின்தொடர்பவை’ என்ற பக்கம் சில தளங்களில் ஓர் ஓரத்தில் ஒளிந்திருக்கும். அதில் நாம் தேர்ந்தெடுத்தவர்கள் எழுதியது மட்டும் கால வரிசையில் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மிகப் பெரிய தளங்கள் தனிநபர் விவரத்தை வைத்து அடுக்காத ஒரு தேர்வைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2023 முதல் சட்டமே இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு மாறியதும், 20 நிமிடத்தில் ‘புதிதாக ஒன்றும் இல்லை’ என்ற இடம் வந்துவிட்டது. பல வருடம் கழித்து ஒரு பக்கத்தின் முடிவைப் பார்த்தேன்.

போன் கூப்பிட்டால் எட்டிப் பார்ப்பதற்கும் ஒரு விதி வைத்தேன். மனிதர் ஒருவர் எனக்கென்று எழுதியதற்கு மட்டும் மணி அடிக்கலாம். செயலி தானாக அனுப்பும் எதற்கும் அனுமதி இல்லை. செட்டிங்ஸில் போய் ஒவ்வொன்றாக அணைக்க ஒரு ஞாயிறு மாலை முழுக்கப் போனது. திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் ஆசை குறையும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்குக் குறையவில்லை. நிறமே இல்லாமல் இரண்டு மணி நேரம் பார்த்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பகிர்வதில் வைத்துக்கொண்ட பழக்கம் ஒன்றே ஒன்று. என்னைக் கோபப்படுத்தும் எதையும் அன்றைக்கு அனுப்புவதில்லை, மறுநாள் காலை வரை வைத்திருப்பேன். காலையில் பார்த்தால் பெரும்பாலும் அனுப்பத் தோன்றாது. தோன்றினால், படத்தை வைத்து ஒரு தடவை தேடுவேன். தாமதம் இவ்வளவு வேலை செய்யுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் வாட்ஸ்அப்பைப் பார்க்கலாம். பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு வைத்தார்கள். அப்படிப்பட்ட செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. யாரையும் தடுக்கவில்லை. கூடுதலாகச் சில தட்டுகள் தட்ட வைத்தார்கள், அவ்வளவே.

நோட்டில் இன்னொரு வகை எரிச்சலும் நிறைய இருந்தது. அது மனிதர்கள்மேல் வந்த எரிச்சல் இல்லை. ‘போன் திறக்கவே நேரம் எடுக்கிறது’, ‘டிவியில் விளம்பரம்’, ‘சந்தாவை ரத்து செய்ய முடியவில்லை’. காசு கொடுத்து வாங்கிய பொருள் எனக்காக வேலை செய்யாமல் வேறு யாருக்கோ வேலை செய்கிறது என்ற உணர்வு.

போனுக்கு அப்போது மூன்று வயது. கேமரா திறந்தால் அணைந்துவிடும், 30 சதவீதம் இருக்கும்போதே செத்துவிடும். சர்வீஸ் சென்டரில், “போர்டு பழசாயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க, இதுக்குச் செலவு பண்ணாதீங்க” என்றார்கள். கிட்டத்தட்ட வாங்கியே விட்டேன். பழுது பார்க்கும் தெரிந்தவர் ஒருவர்தான், “பேட்டரியை முதல்ல பாருங்க” என்றார். பேட்டரியை மாற்றினோம். அந்தப் போன் இன்னும் உழைக்கிறது.

இதற்குக் காரணம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. லித்தியம் அயன் பேட்டரிக்கு வயதாக ஆக, கொள்ளளவு குறைவதோடு, மின்சாரம் வெளியே வருவதைத் தடுக்கும் உள்தடையும் கூடும். செயலி திறக்கும் நொடியில் போனின் சிப் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும். பழைய பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாமல் மின்னழுத்தம் சரிந்து போன் அணைந்துவிடும். அது நடக்காமல் இருக்கச் சிப்பின் வேகத்தைக் குறைத்துவிடுவது ஒரு வழி. அப்படிப் பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. சொல்லாமல் செய்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கில் 50 கோடி டாலர் வரை கொடுக்க 2020-ல் சம்மதித்தது. ஆகவே போன் மெதுவானால் முதலில் செட்டிங்ஸில் பேட்டரியின் நிலையைக் காட்டும் இடத்தைத் தேடுங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் பேட்டரியை மாற்றிப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம். பின்பக்கம் லேசாக உப்பியிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு உடனே கொண்டுபோய்க் கொடுங்கள், அது ஆபத்து. பேட்டரிக்குப் பெரிய எதிரி சூடு. தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடும் பழக்கத்தை நான் அன்றோடு விட்டேன். 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி பல போன்களில் இருக்கிறது, அதையும் போட்டுவைத்தேன்.

டிவி வேறு விதம். வாங்கி வந்து இணைத்ததும் கணக்குத் தொடங்கச் சொன்னது. ‘ஏற்கிறேன்’ என்பது பளிச்சென்று பெரிய பொத்தான், ‘பிறகு’ என்பது மங்கலான சாம்பல் எழுத்து. இப்படி நம் கையைப் பிடித்து இழுக்கும் வடிவமைப்பு வேலைகளுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று 2010-ல் பெயர் வைத்தவர் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர். பெயர் தெரிந்ததற்குப் பிறகுதான் எனக்கு அது எங்கும் கண்ணில் பட ஆரம்பித்தது. ஒரு வருடம் கழித்து ஏதோ அப்டேட் வந்தது, முகப்புத் திரையில் பாதியை விளம்பரம் எடுத்துக்கொண்டது. எனக்குக் கோபம் வந்து மெனுவுக்குள் துருவினேன். திரையில் ஓடும் காட்சியை அடையாளம் கண்டு, நான் என்ன பார்க்கிறேன் என்று வெளியே சொல்லும் ஒரு வசதி இயங்கிக்கொண்டிருந்தது. இது கற்பனை பயம் இல்லை. விசியோ என்ற டிவி நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் சம்மதம் பெறாமல் பார்வை விவரம் சேகரித்ததற்காக 2017-ல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டியிருக்கிறது. நான் அந்த வசதியை அணைத்தேன். பிறகு டிவியிலிருந்து வைஃபையையே எடுத்துவிட்டு, படம் பார்க்க ஒரு கேபிளைக் கணினியிலிருந்து இழுத்துவிட்டேன். டிவி இப்போது வெறும் திரை. வீட்டில் முதல் வாரம் முணுமுணுத்தார்கள், பழகிவிட்டது.

சந்தா விஷயத்தில் ஒரே யோசனை. இலவச மாதம் என்று ஏதாவது எடுத்தால், எடுத்த கையோடு ரத்து செய்துவிடுங்கள். பல சேவைகள் ரத்து செய்த பிறகும் மாதக் கடைசி வரை ஓடும். ஓடாது என்று தெரிந்தால், முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் காலண்டரில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

நான் நிஜமாகவே வருந்தியது ஒரு குறிப்பேட்டுச் சேவை மூடப்பட்டபோதுதான். எட்டு வருடம் அதில் எழுதியிருந்தேன், அப்பா மருத்துவமனையில் இருந்த நாட்களில் எழுதியவை உட்பட. 60 நாள் அவகாசம் கொடுத்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அது விளம்பரங்கள் சேரும் பெட்டிக்குப் போய்விட்டது, நான் பார்த்தபோது ஐந்து நாள்தான் பாக்கி. எழுத்துகளை எடுத்துவிட்டேன், படங்கள் பாதிதான் வந்தன. 2009-ல் அமேசான், உரிமை இல்லாதவர் விற்றுவிட்டார் என்று சொல்லி, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய மின்னூல்களை அவர்களுடைய கிண்டில் கருவியிலிருந்தே தொலைவிலிருந்து நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் அலமாரிக்குள் கைவிட முடியும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என் எழுத்து, படம், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் இறக்கி ஒரு வன்தட்டில் வைக்கிறேன். வைத்த பிறகு இரண்டு கோப்புகளையாவது திறந்து பார்த்துவிட வேண்டும். திறக்க வராத நகலால் ஒரு பயனும் இல்லை.

இனி எதை வாங்கினாலும் மூன்று கேள்வி கேட்பது என்று நோட்டின் பின் அட்டையில் எழுதிவைத்தேன். எத்தனை வருடம் அப்டேட் வரும்? பேட்டரியை, பாகத்தை மாற்ற முடியுமா? இணையமும் கணக்கும் இல்லாமல் இது வேலை செய்யுமா? விற்கிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் கேமராவைப் பற்றிப் பதில் சொல்கிறார்கள்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிய வழியில்தான் அரசியலைப் பற்றிய என் எண்ணம் கொஞ்சம் மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்கும் புதிய போன்களுக்கு ஒரே வகைச் சார்ஜர் துளை கட்டாயம். 2025 ஜூன் முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருடம் இயங்குதள அப்டேட்டும், ஏழு வருடம் உதிரி பாகமும் கொடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. உலகத்தில் 2022-ல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்று ஐ.நா. சார்ந்த அறிக்கை சொல்கிறது. அதைக் குறைக்கும் வேலையில் இந்த விதிகளும் ஒரு பகுதி. இதுவும் அரசியல்தான். குழு, வரைவு, திருத்தம், வாக்கெடுப்பு என்று வருடக்கணக்கில் நடந்த அரசியல். என் கையில் இருக்கும் பொருளை நேரடியாகத் தொடுகிற அரசியல். ஆனால் அந்த வருடங்களில் என் ஃபீடில் இதைப் பற்றி ஒரு வரி வந்ததாக நினைவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை, அதனால் வரவில்லை.

அப்போதுதான் ஐந்தாவது கட்டத்தில் ‘உண்டு’ என்று எழுதிய இரண்டு பதிவுகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று, பள்ளிக்கு முன்னால் இருக்கும் சாலையில் வேகத்தடை இல்லை என்று ஒரு தாய் போட்ட பதிவு. எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அதற்குக் கீழே நான் ஆட்சியாளர்களைத் திட்டி நீளமாக எழுதியிருந்தேன், 19 லைக். சாலை அப்படியேதான் இருந்தது.

மனு எழுத உட்கார்ந்தேன். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தவர்களில் அது தெரிந்த ஒரே ஆள் சித்தப்பா.

நேரில் போனேன். நான்கு மாதம் கழித்து வாசலில் நின்றபோது வாய் வரவில்லை. “அந்த வீடியோ தப்புதான் சித்தப்பா, நான் பார்க்காம போட்டுட்டேன்” என்றேன்.

“வீடியோ கிடக்கட்டும்டா. கீழ ரெண்டு வரி எழுதுனியே, அதான்” என்றார்.

அந்த இரண்டு வரியை நான் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தேன். அவருக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருந்தது. அவரிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து அதைச் சொல்லியிருப்பேனா? நிச்சயமாக மாட்டேன். அதற்குப் பிறகு, எழுதுவதற்கு முன் அந்த ஆளின் முகத்தை ஒரு தடவை நினைத்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது.

மனுவைப் படித்துவிட்டு மூன்று பக்கத்தையும் ஒரு பக்கமாக்கச் சொன்னார். “கோரிக்கை ஒண்ணு போதும். திட்டுறதையெல்லாம் எடு. ரெண்டு நகல் எடுத்துக்கோ. தலைவர் கையில குடுத்தா போட்டோ எடுப்பாங்க, பேப்பர் தூங்கும். பொறியாளர் பிரிவுல குடுத்து, உன் நகல்ல முத்திரையும் தேதியும் வாங்கு. மாசத்துக்கு ஒரு தரம் அந்தத் தேதியைச் சொல்லிப் போய்க் கேளு.” கையெழுத்து வாங்க நானும் அந்தத் தாயும் வீடு வீடாகப் போனோம், 37 கையெழுத்து. அதில் இரண்டு பேரை நான் இணையத்தில் முன்பே முடக்கி வைத்திருந்தேன், அவர்களுக்கு அது தெரியாது. ஒருவர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து, தன் பேத்தியும் அந்தப் பள்ளிதான் என்றார்.

ஐந்து மாதம் ஆனது. வெள்ளைக் கோடு போட்டுவிட்டார்கள், பள்ளி இருக்கிறது என்ற பலகையும் வைத்திருக்கிறார்கள். வேகத்தடை இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி மறுபடியும் போக வேண்டும்.

செய்தியை இப்போது ஒரு நாளைக்கு ஒரு தடவை, மாலையில், அரை மணி நேரம் படிக்கிறேன். அவசரச் செய்தி எதையும் தவறவிட்டதில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை பேருந்து வேலைநிறுத்தம் தெரியாமல் நிறுத்தத்தில் போய் நின்றேன். தேர்தல் நேரத்தில் வேட்பாளரின் பேச்சைவிட அறிக்கையைப் படிப்பது, துண்டு வீடியோவைவிட முழுப் பேச்சைக் கேட்பது என்று இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். ‘நீங்கள் எப்படிப்பட்டவர்’ என்று சொல்லும் விளையாட்டுக் கேள்விகளுக்குப் பதில் போடுவதில்லை. அப்படியொரு ஆளுமைக் கேள்வித்தாள் செயலி வழியாகத்தான் 8.7 கோடி பேர் வரையிலான ஃபேஸ்புக் பயனர்களின் விவரம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போனது. 2018-ல் அது பெரிய செய்தியானது. அந்தச் செயலியை நிறுவியவர்கள் சில லட்சம் பேர்தான். மற்றவர்கள் அவர்களுடைய நண்பர்களாக இருந்தவர்கள். நான் பதில் போட்டிருந்தால் என் அண்ணன், என் சித்தி, என் அலுவலகத்து ஆட்களும் சேர்ந்து போயிருக்கலாம் என்பது எனக்கு அதிலிருந்து புரிந்தது.

சித்தப்பாவும் நானும் இன்னும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடவில்லை. அவர் குழுவுக்குத் திரும்பவும் இல்லை. ஏதாவது வந்தால் போன் செய்து, “இது நெசமாடா, பார்த்துச் சொல்லு” என்கிறார். எனக்கும் அவர் கட்சிமேல் ஏதாவது கோபம் வந்தால் போன் செய்துதான் கேட்கிறேன். சில நாள் குரல் உயரும். சித்தி போனைப் பிடுங்கி வேறு பேச்சுப் பேசுவார்.

இந்த வருடம் மறுபடியும் பதினான்கு நாள் நோட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 71 என்பது 34 ஆகியிருக்கிறது. ‘எரிச்சல்’ என்ற சொல் நாளுக்கு ஒன்று, இரண்டு. குறையாதது ஒன்றுதான்: இரவு பத்தரைக்கு மேல், படுத்த பிறகு எடுப்பது. அங்கே இரண்டாவது கட்டம் பல நாள் காலியாகவே இருக்கிறது, எதற்காக எடுத்தேன் என்று எழுத ஒன்றும் இல்லை. போனைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துச் சார்ஜ் போட்டுப் பார்த்தேன், நான்கு நாள் சரியாக இருந்தது. ஐந்தாம் நாள், காலையில் அலாரம் வேண்டும் என்று திரும்ப உள்ளே எடுத்து வந்துவிட்டேன். ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்க வேண்டும்.